கல்லும் வச்சிரமும் : வீரப் பதக்கங்களின் வடிவும் குறிப்பும்

ஓமலூரிலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து சென்றால் தருமபுரி. 1965 வரை அதுவும் நம் சேலம் மாவட்டமாகவே இருந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தின் நடுகற்களைக் காட்டுவதற்காக முதுகலை மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். வில்லேந்தியவன், வாளோங்கியவன், உடலில் தைத்த அம்புகளோடு நின்றவாறே மாய்ந்தவன் என வரிசையாக நின்ற கற்களைப் பார்த்துக்கொண்டு வந்த மாணவர் ஒருவர், மெல்ல நம் அருகில் வந்து கேட்டார்: "ஐயா, எங்க அண்ணன் பட்டாளத்துல இருக்காருங்க. சட்டையில நெறம் நெறமாப் பட்டை குத்தியிருப்பாரு. இதுவும் அந்த மாதிரிதானுங்களா?"

ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு நகரவில்லை. நெஞ்சில் குத்தும் உலோகத் துண்டும் நிலத்தில் நட்ட கல்லும் ஒன்றுதானா? ஒரு சமூகம் தன் பொருட்டு உயிர் கொடுத்தவனை நினைவில் நிறுத்த எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது, ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறது? அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கல்லின் இலக்கணம்

நடுகல் என்பது வெறும் உணர்ச்சிப் பெருக்கில் எழுந்ததன்று. அதற்கு வரையறுத்த முறைமை உண்டு. தொல்காப்பியர் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகப் பகுத்துக் காட்டுகிறார். தகுந்த கல்லைக் காணுதல், அதற்கு நாள் குறித்தல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவற்றின் பொருளாக விளக்கப்படும். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே பெயரிட்டார். போர்க்களத்து ஆடவனுக்குரிய சிறப்பை நீதி கேட்டு நின்ற ஒரு பெண்ணுக்கு உரிமையாக்கிய புரட்சி அது.

கல்லில் என்னென்ன இருக்கும்? நடுவில் வீரனின் உருவம். கையில் அவன் ஏந்திய படைக்கலம். பல கற்களில் உடலில் தைத்த அம்புகள். காலடியில் அவன் மீட்ட, அல்லது கவர்ந்த, ஆனிரை. சில கற்களில் கெண்டியும் சிமிழும். பிற்காலக் கற்களில் அவனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் அரமகளிர். எழுத்துள்ள கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரன் பெயர், அவன் பட்ட விதம் ஆகியவை சுருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். இன்று படைத்துறை விருதுகளோடு படிக்கப்படும் சான்றுரை செய்யும் பணியை அன்று அந்த இரண்டு மூன்று வரிகள் செய்தன.

2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துக் கற்கள் இம்மரபு எத்துணைத் தொன்மையானது என்பதை உறுதிப்படுத்தின. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தவனைக் குறிப்பது. தொல்காப்பியத்தில் இலக்கணச் சொல்லாக நாம் படித்த 'ஆகோள்' கல்லின் மேல் எழுத்தாக எழுந்து வந்தபோது, தமிழ் படித்தோர் பலருக்கும் மெய்சிலிர்த்திருக்கும்.

மற்றொரு கல்லையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவனுடைய நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்நாயின் செயலைக் கல்வெட்டு பெயரோடு பதிவு செய்கிறது. பதவி, குலம், பிறப்பு எதனையும் நோக்காது செயலை மட்டுமே நோக்கிய ஒரு பதக்கம் உலகில் உண்டென்றால் இதனைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அணியும் சிறப்புகள்

நடுகல் இறந்தவனுக்கு. உயிரோடு மீண்டவனுக்கு? அதற்கும் நம் முன்னோர் வடிவங்கள் வைத்திருந்தனர். காலில் கட்டும் வீரக்கழல் அவற்றுள் ஒன்று. அரசன் அளிக்கும் சிறப்பை மாராயம் என்றனர். படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் அதற்குரிய மோதிரமும், வணிகர்க்கு எட்டிப் பட்டமும் அதற்குரிய பொற்பூவும், உழுவித்துண்ணும் வேளாண் தலைவர்க்குக் காவிதிப் பட்டமும் உரியன என்பதை இலக்கியங்களாலும் உரைகளாலும் அறிகிறோம். பாணர்க்குப் பொற்றாமரையும் விறலியர்க்குப் பொன்மாலையும் வழங்கினர். துறைதோறும் வேறு வேறு அணி என்ற பகுப்பு அக்காலத்தே நிலைபெற்றிருந்தது என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது.

அதனினும் நுட்பமானது பூ. நிரை கவர்வோன் வெட்சி சூடினான். மீட்போன் கரந்தை சூடினான். மண் கொள்ளச் செல்வோன் வஞ்சியும், மதில் வளைப்போன் உழிஞையும், மதில் காப்போன் நொச்சியும், நேர்நின்று பொருவோன் தும்பையும், வென்றோன் வாகையும் சூடினர். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அவன் தலையிலுள்ள பூவே அவன் எதற்காகப் போரிடுகிறான் என்பதைச் சொல்லிவிடும். நிறத்தாலும் பூவாலும் பேசுகின்ற ஒரு மொழி அது.

இம்மொழி நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியரின் மதிப்புப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1881இல் தோற்றுவிக்கப்பட்ட அப்பதக்கத்தில் செர்ரி மலர்கள் சூழ்ந்த வட்டத்துள் அதன் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் உள்ளன. வடிவம் எல்லார்க்கும் ஒன்றே. எதற்காக அளிக்கப்பட்டது என்பதைச் சொல்வது அது தொங்கும் நாடாவின் நிறம். தன்னுயிரைப் பொருட்படுத்தாது பிறர் உயிர் காத்தோர்க்குச் சிவப்பு. நன்னெறியில் வாழ்ந்து பிறர்க்கு எடுத்துக்காட்டானோர்க்குப் பச்சை. தொழிலில் உழைத்துச் சிறந்தோர்க்கு மஞ்சள். கல்வியிலும் கலையிலும் சிறந்தோர்க்கு ஊதா. பொதுப்பணிக்கு நீலம். பொதுநலனுக்குப் பெரும்பொருள் ஈந்தோர்க்கு அடர்நீலம். ஆறு நிறங்களில் ஒரு சமூகம் எவற்றையெல்லாம் மேன்மை என மதிக்கிறது என்பதைப் படித்துவிடலாம். நம் புறத்திணைப் பூக்களை அறிந்தவர்க்கு இது அயலாகத் தோன்றாது.

ஜப்பானியரிடமிருந்து இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. 1937இல் அவர்கள் பண்பாட்டு விருது ஒன்றை ஏற்படுத்தினர். முதலில் அதற்கும் செர்ரி மலரையே கருதினர். செர்ரி பூத்த விரைவிலேயே உதிர்வது. அதனால் அது போரில் மாயும் வீரனுக்குரிய குறியீடாக விளங்கியது. கலையும் கல்வியும் உதிர்வன அல்ல ஆதலின், என்றும் பசுமை மாறாத தச்சிபனா என்னும் நாரத்தை இன மரத்தின் பூவே பொருத்தம் என்று பேரரசர் கருத, அவ்வாறே மாற்றப்பட்டது. ஒரு பூவை மாற்றியதில் போருக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் சொல்லிவிட்டார்கள். பதக்க வடிவமைப்பு என்பது உலோகத்தில் எழுதும் செய்யுள் என்று நாம் கருதுவது இதனால்தான்.

சிலுவையிலிருந்து வச்சிரத்துக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வீரனின் நெஞ்சில் ஏறியவை பெரும்பாலும் ஐரோப்பியக் குறியீடுகள். விக்டோரியா சிலுவை 1856இல் தோன்றியது. 1911இல்தான் இந்தியப் படைவீரர் அதற்குத் தகுதியுடையோர் ஆயினர். ஜார்ஜ் சிலுவை 1940இல் ஏற்பட்டது. வெள்ளிச் சிலுவையின் நடுவே, நாகப்பறவையைக் குத்தி வீழ்த்தும் புனித ஜார்ஜின் உருவம். இச்சிலுவையைப் பெற்ற தமிழர் ஒருவரை நாம் மறந்துவிட்டோம். சென்னைப் பொறியாளர் படைப்பிரிவான சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியில், வெடிக்க இருந்த கண்ணியின் மீது தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து மாண்டார். புனித ஜார்ஜ் யார், அந்த நாகப்பறவை எது என்று அவர் வீட்டார் அறிந்திருப்பார்களா? செயல் நம்முடையதாகவும் குறியீடு வேறொருவருடையதாகவும் இருந்த காலம் அது.

விடுதலைக்குப் பின் இந்தியா தனக்கெனப் பதக்கங்கள் அமைக்க வேண்டிய நிலை வந்தது. அப்பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடலிடம் இருந்தது. அவர் வடிவமைப்புக்கு நாடியது சாவித்திரி கானோல்கர் என்னும் பெண்மணியை. இவர் 1913இல் சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் நகரில், ஹங்கேரியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் ஈவ் இவோன் மடாய் தெ மாரோஸ் என்ற பெயரில் பிறந்தவர். 1929இல் சாண்டர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த விக்ரம் கானோல்கரைச் சந்தித்து, 1932இல் இந்தியா வந்து அவரை மணந்துகொண்டார். வடமொழியும் வேதாந்தமும் புராணங்களும் கற்றார். ஐரோப்பாவில் பிறந்த ஒருவரே இந்தியப் பதக்கத்திலிருந்து ஐரோப்பியச் சிலுவையை இறக்கி வைத்தார் என்பது வரலாறு நமக்குக் காட்டும் வியப்புகளுள் ஒன்று.

அவர் தேர்ந்த குறியீடு வச்சிரம். விருத்திராசுரனை வெல்ல எந்தப் படைக்கலமும் போதாது என்ற நிலையில், ததீசி முனிவர் தம் உயிரை விட்டுத் தம் முதுகெலும்பை ஈந்தார் என்பதும், அதிலிருந்தே இந்திரனின் வச்சிரம் செய்யப்பட்டது என்பதும் புராணம். வாள், வேல், வில் எல்லாம் உலோகத்தால் ஆனவை. வச்சிரம் ஒருவன் உடலால் ஆனது. 'பிறரைக் கொல்லும் கருவி' என்பதைக் காட்டிலும் 'தன்னைக் கொடுத்தவனின் எலும்பு' என்பதே அதன் முதற்பொருள். உயர்ந்த வீரம் கொல்லுவதில் இல்லை, கொடுப்பதில் இருக்கிறது என்ற கருத்தை ஒரு வடிவத்துள் அடக்க இதனினும் பொருத்தமான குறியீட்டைக் காண்பது அரிது.

வச்சிரம் வடநாட்டுப் புராணப் பொருள்தானே, தமிழர்க்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக் கூடும். புகார் நகரில் வச்சிரக் கோட்டம் இருந்ததையும், இந்திர விழாவின்போது அங்கிருந்த முரசை யானைமேல் ஏற்றி விழாச் செய்தி அறிவித்ததையும் சிலப்பதிகாரம் கூறும். காவிரி கடலொடு கலக்கும் ஊரில் கோயில் கொண்டிருந்த பொருள் நமக்கு அயலானதன்று.

பரம வீர சக்கரம் வெண்கலத்தால் ஆன வட்டம். அதன் குறுக்களவு சற்றேறக்குறைய 35 மி.மீ., நம் கட்டை விரலும் சுட்டு விரலும் வளைந்து சேரும் வட்டத்துள் அடங்கிவிடும். முகப்பின் நடுவே நாற்சிங்க அரசு இலச்சினையும், அதனைச் சூழ நான்கு வச்சிரங்களும். பின்புறம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதக்கத்தின் பெயர், இடையே இரண்டு தாமரைகள். வேறு கோடுகள் எவையுமற்ற ஊதா நிற நாடா. பொன்னில்லை, வெள்ளியில்லை, மணிகள் இல்லை. இந்நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருது மிக எளிய உலோகத்தால் ஆனது. அடுத்த நிலையிலுள்ள மகா வீர சக்கரமும் வீர சக்கரமும் வெள்ளியாலானவை. விலையால் மதிப்பு வருவதன்று என்பதை இந்தத் தலைகீழ் வரிசையே உணர்த்திவிடுகிறது.

1950 ஜனவரி 26 அன்று இவ்விருது நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டது. முதலில் பெற்றவர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3 அன்று, ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள பட்காமில், இடக்கையில் மாவுக்கட்டோடு போரிட்டு, தம் வீரர்களின் துப்பாக்கிகளுக்குத் தாமே தோட்டா நிரப்பிக் கொடுத்தபடி மாண்டவர். சாவித்திரி கானோல்கரின் மூத்த மகளுடைய கணவர் இச்சோம்நாத்தின் உடன்பிறந்தவர். ததீசியின் எலும்பை வரைந்தவருக்கு அதன் முதற்பொருள் தம் உறவுக்குள்ளேயே அமைந்தது. இதுவரை இப்பதக்கத்தைப் பெற்றோர் 21 பேர். அவர்களுள் 14 பேர் இறந்தபின் பெற்றவர்கள்.

நாடா, கை, இலை

பிற பதக்கங்களையும் சற்று நோக்குவோம். மகா வீர சக்கரத்தில் ஐந்து முனை விண்மீன், பாதி வெள்ளையும் பாதி காவியுமான நாடா. வீர சக்கரத்தில் விண்மீனின் நடுவே அறவாழி, பாதி அடர்நீலமும் பாதி காவியுமான நாடா. எதிரியோடு பொருத களத்துக்கு அப்பால் காட்டும் வீரத்துக்கு 1952இல் அசோக சக்கர வரிசை ஏற்பட்டது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடக்கத்தில் வழங்கியவை 1967இல் அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் எனப் பெயர் மாற்றம் பெற்றன. இவற்றின் நாடா பச்சை. அசோக சக்கரத்தில் ஒரு காவிக் கோடு பச்சையை இரண்டாகப் பிரிக்கும். கீர்த்தியில் இரண்டு கோடுகள், சௌரியத்தில் மூன்று. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும். பரம வீர சக்கரத்தில் கோடே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சொல் குறையப் பொருள் பெருகும் நம் குறள் மரபு நினைவுக்கு வருகிறது. கலிங்கத்துக்குப் பின் போரை வெறுத்த ஒரு மன்னனின் பெயரால் வீர விருது வழங்குவதிலும் ஆழ்ந்த பொருள் உண்டு.

உயிர் காத்தோர்க்கு 1961 முதல் வழங்கப்படும் ஜீவன் ரக்ஷா பதக்கத்தின் முகப்பில் இருப்பது ஒரு கை. அஞ்சேல் என்னும் அபய முத்திரை. நடராசர் திருமேனியின் முன் நின்றவர் எவர்க்கும் அக்கையைத் தெரியும். நீரில் மூழ்குபவனை நோக்கி நீண்ட கையையும் தில்லைக் கூத்தனின் கையையும் ஒன்றாகக் கண்ட அந்த வடிவமைப்பாளர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

பாரத ரத்னாவின் வடிவமும் ஒரு திருத்தத்தின் கதை. 1954இல் முதலில் குறிக்கப்பட்டது, கதிரவன் பொறித்த வட்டவடிவப் பொற்பதக்கம். அடுத்த ஆண்டே அது அரச இலையாக மாறியது. ஏறத்தாழ 6 செ.மீ. நீளமுள்ள வெண்கல இலை, அதன்மேல் பிளாட்டினக் கதிரவன், கழுத்தில் அணிய வெண்ணிற நாடா. புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் இலையாகவும் கொள்ளலாம். நம் ஊர்ப்புறத்துப் பிள்ளையார் மேடையில் வேம்போடு பிணைந்து நிற்கும் அரசின் இலையாகவும் கொள்ளலாம். அந்த முதலாண்டில் விருது பெற்ற மூவருள் ஒருவரான இராஜாஜி, அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர் என்பதை நம் வட்டாரத்தார் பெருமையோடு நினைவுகூரலாம்.

பட்டமும் பதக்கமும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது நன்று. பண்டைக்கால ஏனாதி, காவிதி போன்றவை பெயரோடு ஒட்டி வழங்கின. ஏனாதி திருக்கிள்ளி, சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்று புறநானூற்றில் காண்கிறோம். ஆங்கிலேயர் காலத்து ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களும் அவ்வாறே. இந்திய அரசமைப்பின் 18ஆம் பிரிவு படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுத்தது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்களா என்ற வழக்கில், அவை பட்டங்கள் அல்ல, ஆயினும் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்துக்கொள்ளலாகாது என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பட்டம் மனிதனை உயர்த்தி அவன் வழியினரையும் உயர்த்திவிடும். பதக்கம் செயலை உயர்த்தும். நடுகல்லும் செயலைத்தான் உயர்த்தியது. அவ்வகையில் குடியரசின் பதக்கம் ஏனாதி மோதிரத்தைவிடக் கோவிவனின் கல்லுக்கே நெருங்கிய உறவு என்று நாம் துணிகிறோம்.

வெட்சியும் கரந்தையும்

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பரம வீர சக்கரம் பெற்ற 21 பேருள் தமிழ்ப்பெயர் ஒன்று உண்டு. மேஜர் இராமசாமி பரமேசுவரன். 1946இல் பம்பாயில் பிறந்தவர். மகார் படைப்பிரிவின் எட்டாம் அணியில் இருந்தவர். 1987 நவம்பர் 25 அன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டில், தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் அவரது அணி பதுங்கித் தாக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் பொருதபோது மார்பில் குண்டு பாய்ந்தது. பாய்ந்த பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரை வீழ்த்திவிட்டு, இறுதிவரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டபடி மாண்டார்.

அவர் வீழ்ந்த மண் தமிழ் பேசும் மண். அவரைச் சுட்டவர் பேசியதும் தமிழ். அமைதி காக்கச் சென்ற படையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே மாண்டனர். எதிர்நின்ற போராளிகளும், போரில் பங்கில்லாத பொதுமக்களும் எண்ணற்றோர் மாண்டனர். போராளிகளுக்கும் அங்கே கற்கள் நடப்பட்டன. 2009க்குப் பின் அக்கற்கள் பெயர்த்தெறியப்பட்டன. பரமேசுவரனின் பெயரை 2023 ஜனவரியில் அந்தமானிலுள்ள தீவு ஒன்றுக்குச் சூட்டினர். தமிழ் வகுப்பில் பரமேசுவரனைப் பற்றி நாம் பேசுவதில்லை. எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று தெரியாமையே அதற்குக் காரணம்.

இந்த இடர்ப்பாட்டில் நமக்குத் துணை நிற்பது தொல்காப்பியமே. நிரை கவர்தல் வெட்சி, நிரை மீட்டல் கரந்தை என்று பன்னிரு திணையாகப் பகுத்துப் பேசுவது பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியரோ கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். கவர்ந்தவனும் மீட்டவனும் ஒரே திணை. நம் வட்டாரத்து நடுகற்களும் இதற்குச் சான்று. தொறுக் கொண்டு பட்டவனுக்கும் கல் உண்டு, தொறு மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. இருவரும் அண்டை அயல் ஊரினர். இருவர் கல்லெழுத்தும் ஒரே தமிழ். கல் நட்டோர் பகையை மறந்தாரில்லை. ஆயினும் பகைவனின் கல்லைக் கல் அன்று என்று சொன்னாருமில்லை. பரமேசுவரனின் ஊதா நாடாவைப் போற்றுவதற்கு எதிர்ப்பக்கத்து இறப்புகளை மறக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு வருந்துவதற்கு இவருடைய வீரத்தை மறைக்க வேண்டியதுமில்லை. ஒரே திணைக்குள் இரண்டையும் வைத்து வருந்தும் இலக்கணம் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

அரசின் பதக்கத்தால் இயலாத ஒன்று இது. பதக்கம் ஒரு பக்கத்திலிருந்துதான் வழங்கப்பட முடியும். அது அதன் குறையன்று, அதன் இயல்பு. மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கும் கடமை படிப்பவர்க்கும் எழுதுபவர்க்கும் உரியது.

யாருக்காக?

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபின் அவனுக்கு நடுகல் எடுத்தனர். பீலி சூட்டி, நார் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்த்துப் படைத்தனர். ஔவையார் அதைக் கண்டு பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. மலையுடைய நாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என்பது அவர் வினா. சிறப்புச் செய்வோரின் எளிய அன்பை அவர் பழிக்கவில்லை. இறந்தவனுக்கும் அந்தச் சிறப்புக்கும் இடையே உள்ள எட்டாத் தொலைவை அளந்து காட்டுகிறார். குடியரசு நாளன்று தில்லியில் மறைந்த வீரனின் மனைவி பதக்கத்தைப் பெற வரும் காட்சியைக் காணும்போதெல்லாம் நமக்கு ஔவையின் அவ்வினாவே நினைவுக்கு வரும். தாம்பரத்தில் வாழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரத்தில் மாண்டார். அவர்க்குரிய அசோக சக்கரத்தை 2015இல் அவர் மனைவி பெற்றுக்கொண்டபோது, ஏற்க வேண்டியவர் அங்கு இல்லை. பதக்கம் அவருக்காக அன்று, இருப்பவர்களுக்காக. மறந்துவிடாதிருக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

தருமபுரியிலிருந்து திரும்பும் வழியில், பேருந்து தொப்பூர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது அந்த மாணவர் மீண்டும் பேசினார். அவர்கள் குலதெய்வம் வேடியப்பனாம். நம் பகுதியில் வேடியப்பன் என வணங்கப்படுபவை பெரும்பாலும் பழைய நடுகற்களே. அண்ணன் விடுப்பில் வரும்போதெல்லாம் அவர் தாயார் அந்தப் பதக்கத்தை ஒரு துணியில் முடிந்து எடுத்துச் சென்று, வேடியப்பனின் காலடியில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு திருப்பி எடுத்து வந்துவிடுவாராம்.

"எதுக்கும்மா வெக்கறேன்னு கேட்டா, அவரும் பட்டாளத்துக்காரருதானேப்பான்னு சொல்லுதுங்க" என்றார் மாணவர்.

நாம் இத்தனை பக்கங்களில் தேடிய விடையை அந்த அம்மையார் எப்போதோ கண்டுவிட்டார்.